தராசும் பந்தியும்

பசித்தவருக்கு உணவிட வேண்டும் என்பதில் சமயங்களுக்குள்ளும் அரசுகளுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. பசித்தவர் யார் என்பதை யார் தீர்மானிப்பது, எந்த அளவுகோலால் தீர்மானிப்பது என்னும் இரண்டாவது கேள்வியில்தான் வேறுபாடுகள் தொடங்குகின்றன. மக்கள்நலத் திட்டங்களின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியின் வரலாறே எனலாம். தகுதியுடையோரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மட்டும் வழங்குவதா? வந்தமரும் அனைவருக்கும் இலை போடுவதா? முதல் வழிக்கு அடையாளம் தராசு. இரண்டாம் வழிக்கு அடையாளம் பந்தி. மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இவ்விரண்டையும் கண்டிருக்கின்றன. அந்த வரலாற்றை நினைவுகூர்வது, அரசின் கடமை பற்றியும் திருச்சபையின் கடமை பற்றியும் தெளிவாகச் சிந்திக்க நமக்கு உதவும்.

தாது வருடத்துத் தராசு

தென்னாட்டு முதியோர் 'தாது வருடப் பஞ்சம்' என்று சொல்லிவந்த கொடும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. மதுரைச் சீமையும் அதில் வாடியது. அன்றைய ஆங்கில அரசு உணவே தரவில்லை என்று சொல்வது முறையாகாது. நிவாரண வேலைகளையும் கஞ்சித் தொட்டிகளையும் அது திறந்தது. ஆனால் 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், செலவைக் குறைக்கும் பொருட்டு அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் புதியதோர் அளவை வகுத்தார். நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் கூலி. அதாவது ஏறத்தாழ 450 கிராம். வேலை நடக்கும் இடமும் சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அவ்வளவு தொலைவு நடந்து வருபவனே உண்மையில் பசித்தவன் என்பது அதன் தருக்கம். நடக்க இயலாத அளவுக்குப் பசித்தவனை அந்தத் தருக்கம் கணக்கில் கொள்ளவில்லை.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இந்த அளவைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடல் அவ்வளவில் தேய்ந்து அழியும் என்று அவர் எழுத்தில் வாதிட்டார். அதே ஆண்டில் கூலியளவு உயர்த்தப்பட்டது. பின்னர் 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்தது. பஞ்சத்தின்போது உயிர்காப்பது அரசின் பொறுப்பு என்னும் கருத்து பஞ்ச விதித்தொகுப்பாக எழுத்தில் ஏறியது. எனினும் தராசைக் கையில் வைத்திருந்த மனநிலை மாறவில்லை. தகுதியற்ற ஒருவர் உண்டுவிடக் கூடாதே என்ற அச்சம், தகுதியுள்ள ஒருவர் இறந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தைக் காட்டிலும் பெரிதாக இருந்தது.

அதே பஞ்சத்தைப் பற்றி மதுரையில் வேறொரு கதை செவிவழியாக வழங்கி வருகிறது. வடக்கு ஆவணி மூல வீதியில் செல்வச் செழிப்போடு வாழ்ந்த தாசிகுலப் பெண்மணி குஞ்சரத்தம்மாள், தம் நகைகளையும் சொத்துகளையும் விற்று, வந்தவர்க்கெல்லாம் கஞ்சி காய்ச்சி ஊற்றினார் என்பது அக்கதை. அவர் வாசலில் எவரும் பத்து மைல் நடந்து தம் பசியை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. சமூகம் மதிக்க மறுத்த ஒரு பெண்ணின் வாசலே அன்று மதுரையின் பந்தியாயிற்று. விலைமகளிர் உங்களுக்கு முன்பாக இறையாட்சிக்குச் செல்வர் என்று சமயத் தலைவர்களிடம் ஆண்டவர் கூறியதன் பொருளை, மறைநூல் அறியாத அக்காலத்து மதுரை மக்கள் தம் கண்முன் கண்டார்கள்.

ஓர் அணாச் சிற்றுண்டி

பஞ்சம் இல்லாத காலத்திலும் குழந்தைக்குப் பசி உண்டு என்பதை அரசியல் உலகம் உணர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1920-இல் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் பயிலும் சிறுவர்க்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ஆனால் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்காததால் 1925-இல் அத்திட்டம் தடைப்பட்டது. 'கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவிடலாமா?' என்ற கேள்வி அன்றே எழுந்தது. கரும்பலகையையும் நாற்காலியையும் கல்விச் செலவாகக் கண்ட கணக்காளர்களுக்கு, அந்த நாற்காலியில் அமரும் பிள்ளையின் வயிறு கல்விச் செலவாகத் தோன்றவில்லை.

அக்கேள்விக்குத் தெளிவான விடை கூறியவர், பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல் இளமையிலேயே விட்ட ஒருவர். மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் பிறந்த காமராசர் 1954-இல் முதலமைச்சரானார். 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையாய் நின்றார். முதலில் ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே திட்டம் நடந்தது. அறுவடைக் காலத்தில் வீடு தோறும் நெல் திரட்டிய ஊர்கள் பல. பின்னர் அரசு செலவின் பெரும்பகுதியை ஏற்றது. 1961 முதல் 'கேர்' நிறுவனத்தின் வழியாக வெளிநாட்டு உணவுப் பொருள்களும் வந்தன.

காமராசரின் திட்டம் ஈகைக்கும் உரிமைக்கும் இடையே அமைந்த ஒரு பாலம். ஊரார் கொடுத்ததால் ஊர் அதைத் தன்னுடையதாகக் கருதியது. அது அதன் பெருமை. ஆனால் கொடுக்கும் ஊரும் உண்டு, கொடுக்க இயலாத ஊரும் உண்டு. பள்ளியிலுள்ள பிள்ளைகளுள் ஏழைகளைத் தெரிந்தெடுத்தே உணவளிக்கப்பட்டதால், உண்ணும் பிள்ளை, உண்ணாத பிள்ளை என்ற வேறுபாடும் நீடித்தது. தட்டேந்தி நின்றவன் ஏழை என்பது வகுப்பு முழுவதற்கும் தெரிந்தது.

கொட்டாம்பட்டித் தராசு

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் மேலூரைக் கடந்தால் கொட்டாம்பட்டி. வானம் பார்த்த நிலங்கள் மிகுந்த வட்டாரம். உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு அரசு வகுத்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் இந்தக் கொட்டாம்பட்டி ஒன்றியத்திலேயே முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. பள்ளி வயது வருவதற்குள்ளேயே குழந்தையின் உடலும் மூளையும் பெருமளவு உருவாகி விடுகின்றன. ஆகவே ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைக் காப்பதே முதற்பணி என்பது அத்திட்டத்தின் அடிப்படை.

அதன் செயல்முறை எளியது. ஊரிலேயே வாழும் ஒரு பெண் ஊட்டச்சத்துப் பணியாளராக நியமிக்கப்பட்டார். அப்பெண் ஏழையாக இருக்க வேண்டும். அதே வேளையில் அவருடைய பிள்ளைகள் நலமாக வளர்ந்திருக்க வேண்டும் என்பது தேர்வுக்கு ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. வறுமையிலும் பிள்ளையை நலமாக வளர்க்கத் தெரிந்தவரே பிற தாய்மாருக்கு நல்ல ஆசிரியர் என்ற எண்ணம் எவ்வளவு நுட்பமானது! அவர் மாதந்தோறும் குழந்தைகளை எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் குறித்தார். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மாவும் பருப்பும் வெல்லமும் சேர்த்த உருண்டை நாள்தோறும் தரப்பட்டது. தொண்ணூறு நாளில் அரைக் கிலோ எடை கூடினால் அக்குழந்தை தேறியதாகக் கொள்ளப்பட்டது. இல்லையேல் உணவு தொடர்ந்தது, மருத்துவ உதவியும் தேடப்பட்டது. மெலிவின் கடுமையான நிலையிலிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை இதனால் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது எனப் பின்வந்த மதிப்பீடுகள் கூறின.

இதுவும் தராசுதான். ஆயினும் டெம்பிளின் தராசுக்கும் கொட்டாம்பட்டித் தராசுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. முன்னது, பசித்தவன் வாசலுக்கு வந்து தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. பின்னது, பசித்த குழந்தையின் வாசலுக்குத் தானே சென்றது. முன்னது விலக்குவதற்காக அளந்தது; பின்னது கண்டுபிடிப்பதற்காக அளந்தது. ஒன்பது நாணயங்கள் கையிலிருக்கையில் காணாமற்போன பத்தாவது நாணயத்துக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணை நற்செய்தியில் காண்கிறோம். அவளும் எண்ணிப் பார்த்தவள்தான். எண்ணியிராவிட்டால் ஒன்று குறைவதை அவள் அறிந்திருக்க மாட்டாள்.

பெரிய பந்தி

கொட்டாம்பட்டியில் தராசு தொங்கத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், நேர்மாறான வழியில் மற்றொரு திட்டம் வந்தது. 1980 தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் வெற்றி பெற்று முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர்., 1982 சூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள கிராமப்புறக் குழந்தைகளுக்கு முதலில் உணவு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் அது விரிந்தது. உண்டோர் தொகை அறுபது இலட்சத்தைத் தாண்டியது. இளமையில் தாம் பட்ட பசியே இத்திட்டத்துக்குக் காரணம் என்று அவர் வெளிப்படையாகவே கூறிவந்தார்.

பொருளியல் அறிந்தோர் பலர் அன்று தலையில் அடித்துக்கொண்டனர். தொழில் வளர்ச்சிக்கும் பாசனத்துக்கும் செல்ல வேண்டிய பணம் சோற்றில் கரைகிறது என்றனர். தேவையற்றவர்களும் உண்பார்கள், உணவில் களவு நடக்கும், தேர்தலுக்கான கவர்ச்சி இது என்றனர். இக்குற்றச்சாட்டுகளில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பந்தியில் நிகழ்ந்த ஒன்றை அவர்கள் கணக்கிடவில்லை. அனைவரும் அமரும் இடத்தில் அமர்வது எவருக்கும் அவமானமாக இருப்பதில்லை. இலட்சக்கணக்கான குடும்பங்கள் உண்ணும் உணவின் தரம் குறைந்தால் கேட்பதற்கு இலட்சக்கணக்கான வாய்கள் உண்டு. ஆகவே அடுத்து வந்த எந்த ஆட்சியும் அதை நிறுத்தத் துணியவில்லை; ஒன்றையொன்று விஞ்சவே முயன்றன. 1989-இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்றாயிற்று.

இந்திய அரசு 1995 ஆகஸ்டு 15 அன்று தொடக்கப்பள்ளிகளுக்கு உணவுத் திட்டம் அறிவித்தபோது, பல மாநிலங்கள் சமைத்த உணவுக்குப் பதில் மாதந்தோறும் தானியத்தை அளந்து கொடுத்து அனுப்பின. உச்சநீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவே வழங்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாட்டின் பந்தி இவ்வாறு நாட்டின் பந்தியாயிற்று. அதன் பயன் ஒரு தலைமுறையோடு நின்றுவிடவில்லை. இந்தியப் பள்ளி உணவுத் திட்டம் குறித்து 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' அறிவியல் இதழில் 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுமியராய் இருந்தபோது பள்ளியில் உணவு கிடைத்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறை குறைவாக இருந்தது என்று அது காட்டுகிறது. ஒரு சிறுமி உண்ட கவளம் இருபது ஆண்டுகள் கழித்து அவள் பிள்ளையின் உயரத்தில் தெரிகிறது.

பந்தியின் மறுபக்கம்

பந்தி என்னும் சொல்லை நாம் கூச்சமின்றிப் புகழ்ந்துவிட முடியாது. தமிழகத்தில் பந்தி, சாதியின் கருவியாகவும் இருந்திருக்கிறது. யார் முதற்பந்தி, யார் கடைசிப் பந்தி, யாருக்குப் பந்தியே இல்லை என்பது ஊர் வழக்கு. இறைவனின் பந்தியும் இதற்குத் தப்பவில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதி வாரியாக மக்களைப் பிரித்து நின்ற தடுப்புச் சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே நற்கருணையை உண்டவர்கள் ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் காணாமல் உண்டார்கள். ஆகவே பள்ளிக்கூடத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்டது சிறு செய்தி அன்று.

போராட்டம் முடிந்துவிடவும் இல்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று 2018-இல் திருப்பூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் சிலர் பள்ளியை முற்றுகையிட்டதை நாடு கண்டது. சமையலர் நியமனத்தில் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2004-லேயே கூறியிருந்தது. பசியாற்றும் கைகளின் மாண்பை ஏற்காதவரை, பசியாறுவது பாதியாகவே நிற்கும்.

அக்கைகளுக்கு நாம் தரும் கூலியையும் நினைக்க வேண்டும். 1982-இல் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை தந்து பணியமர்த்தியது அத்திட்டத்தின் இரண்டாம் அறம். ஆனால் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற குறைந்த நிலையிலிருந்து விடுபடப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். பாதுகாப்பும் அவ்வாறே. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைப் பலிகொண்டது. சோறிடுவது மட்டும் போதாது. எந்தக் கூரையின்கீழ் இடுகிறோம் என்பதும் நம்மிடம் கேட்கப்படும்.

தொடக்கத் திருச்சபையின் முணுமுணுப்பு

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரம், திருச்சபையின் முதல் நிர்வாகச் சிக்கலைப் பதிவு செய்கிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. பந்தி இருந்தது, அனைவருக்கும் உரியதாகவே இருந்தது, ஆயினும் அயல்மொழி பேசிய ஏழைப் பெண்கள் அதில் விடுபட்டார்கள். திருத்தூதர்கள் அம்முணுமுணுப்பை அடக்கவில்லை; பந்தியை மூடிவிடவும் இல்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்து அப்பணியை ஒப்படைத்தார்கள். அந்த எழுவரின் பெயர்கள் அனைத்தும் கிரேக்கப் பெயர்கள் என்று விவிலிய அறிஞர் சுட்டுவர். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் போலும்.

அப்பம் பெருகிய நிகழ்ச்சியிலும் இதே பாடம் உண்டு. மக்கள் நூறு நூறாகவும் ஐம்பது ஐம்பதாகவும் வரிசையாய் அமர்ந்தனர் என மாற்கு எழுதுகிறார். அது ஒழுங்கான பந்தி. உண்ட ஆண்களின் தொகை ஐயாயிரம் எனக் கூறும் மத்தேயு, பெண்களும் சிறுவரும் அதில் சேரவில்லை என்றும் சொல்கிறார். எண்ணியவர்களின் கணக்கு அவர்களை விட்டுவிட்டது. ஆண்டவரின் அப்பம் அவர்களை விட்டுவிடவில்லை. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியன மனிதனின் உரிமைகள் என்று திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் 1963-இல் உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலில் கூறியபோது, இந்தப் புல்வெளிப் பந்தியின் பொருளையே நம் கால மொழியில் எடுத்துரைத்தார்.

நெல்பேட்டையில் ஒரு காலை

நூறாண்டு வரலாற்றின் அண்மை அதிகாரம் மீண்டும் மதுரையிலேயே எழுதப்பட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று, நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார். முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் அது நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாய்மார் நிறைந்த நகரில், மதியம் வரை வெறும் வயிற்றோடு பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சாம்பாரோடு கிடைத்தன.

ஆயினும் அங்கும் ஒரு கோடு இருந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளை உண்டது; அதே தெருவில் வாழும் பிள்ளை அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் காலை உணவு இல்லை. அத்தகைய பள்ளிகளுள் பல நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்துபவை. 2024 சூலை 15 முதல் ஊரகப் பகுதிகளிலும், 2025 ஆகஸ்டு 26 முதல் நகர்ப்புறங்களிலும் அப்பள்ளிகளின் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அவ்வுணவு விரிவாக்கப்பட்டது. கோடு அழிந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அக்கோட்டுக்கு வெளியே இருந்த பிள்ளைகளின் பசி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை.

இன்னும் வராதவர்கள்

பந்தி பெரிதாகிவிட்டது, எனவே தராசைத் தூக்கியெறியலாமா? கூடாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. நாட்டின் சராசரியைவிட இது குறைவே என்பது உண்மை. ஆனால் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. பள்ளிப் பந்தி பள்ளிக்கு வந்த பிள்ளையைத்தான் காணும். செங்கற்சூளைக்குப் பெற்றோரோடு இடம்பெயர்ந்த பிள்ளையை, வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளியின் மொழி தெரியாத பிள்ளையை, இன்னும் தொட்டிலில் இருக்கும் பிள்ளையை அது காணாது. அவர்களைத் தேடிச் செல்லக் கொட்டாம்பட்டித் தராசு இன்றும் வேண்டும்.

அரசின் நலத்திட்டங்களை 'இலவசம்' என்று ஒரே சொல்லில் எள்ளுவோரும், 'சாதனை' என்று ஒரே சொல்லில் முடிப்போரும் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. ஒரு திட்டத்தைப் பற்றி நாம் கேட்க வேண்டியவை இரண்டு: அமர்பவர் தலைகுனியாமல் அமர முடிகிறதா? வராதவரைத் தேடி எவரேனும் செல்கிறாரா? முதற்கேள்விக்கு விடை காண அரசிடம் நிதியும் சட்டமும் உண்டு. இரண்டாம் கேள்விக்கு ஊரை அறிந்த கால்கள் வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சந்திக்கிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, எந்தத் தாய் அங்கன்வாடியை அறியவில்லை என்பது மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியுமுன் அவர்களுக்குத் தெரிய வாய்ப்புண்டு. அரசின் பந்திக்குப் போட்டியாக மற்றொரு பந்தி விரிக்க வேண்டிய தேவை இன்று நமக்குப் பெரிதும் இல்லை. விடுபட்டவரின் கைப்பிடித்து அழைத்து வந்து அதில் அமர்த்துவதும், அங்கே ஒரு வரிசை மற்றொரு வரிசையை விலக்கினால் முணுமுணுப்பதும், அம்முணுமுணுப்பை அதிகாரத்தின் செவிக்குக் கொண்டு செல்வதும் நம் பணி. தொடக்கத் திருச்சபையில் எழுவர் பொறுப்பேற்றது அத்தகைய ஒரு முணுமுணுப்பால்தான்.